கணினிக்கு அரைப்பேர்

1966 ஜூலை 7ஆம் திகதி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். கோடை லீவில் சும்மா இருக்கும் மாணவப் பிள்ளைகளைப் பிடித்து, கணினிக்குக் கண் வைத்துவிடலாம் என்பது அதன் சாரம். ஜூலையில் படத்தில் எது பொருள், எது பின்னணி என்று பிரிக்க வேண்டும். அடுத்த மாதம் பந்து, செங்கல் என்று இனம் காட்ட வேண்டும். அது முடிந்தால் எழுத்தும் கோடும் போட்ட சிகரெட் பெட்டி, கோப்பை, கைக்கருவிகள். அந்தக் கோடை முடிந்தது, பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள், பிறகு தாத்தாவும் ஆனார்கள். வேலை மட்டும் முடியவில்லை.

பேப்பர்ட் அந்த லீவில் இலங்கையில் மஸ்கெலியாவுக்கு பஸ் பிடித்து நல்லதண்ணி வரை ஒரு நடை வந்திருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்காது. இங்கிருந்து சிவனொளிபாத மலைக்குப் படி ஏறினால் 2,243 மீட்டர் உயரத்தில், பாறையில் ஒரு பள்ளம். நடுச்சாமத்தில் கிளம்பி, முழங்கால் கழன்று, மூக்கு ஒழுக மேலே போகிற எல்லாரும் பார்ப்பது அதே பள்ளத்தைத்தான். அது என்ன என்று கேட்டால்தான் சங்கதி. சைவருக்கு அது சிவனின் பாதம், பௌத்தருக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் காலடி. பின்னால் வந்த போர்த்துக்கேயர் சிலர் தங்கள் பங்குக்குப் புனித தோமையார் என்று எழுதிவைத்தார்கள். படம் ஒன்று, லேபிள் நாலு. கணினிக்குப் பார்வை பழக்க வேண்டுமென்றால், சரியான விடை இதுதான் என்று மனிதர் யாராவது முதலில் குறித்துக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு படத்தைக் குறித்துக் கொடுக்க எம்.ஐ.டி. எந்த மாணவனை அனுப்பும்?

அந்தக் காலத்து ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மார்க்கோ போலோ இங்கே காலடியையே காணவில்லை, சமாதி என்கிறார்: ஆதாமின் சமாதி என்று ஒரு கட்சி, சாக்கியமுனியின் சமாதி என்று மறு கட்சி. குப்ளாய் கான் தூதுக்குழு அனுப்பி ஆதாமின் கடைவாய்ப் பல் இரண்டும் கொஞ்சம் தலைமுடியும் ஒரு பாத்திரமும் தருவித்தாராம். சரிபார்க்காத தரவை இறக்குமதி செய்த முதல் பேரரசர் அவராகத்தான் இருக்க வேண்டும். 1344இல் நிஜமாகவே மலையேறிய இப்னு பதூதா கொஞ்சம் ஒழுங்கான ஆள், காலடியைப் பதினொரு சாண் என்று அளந்தே சொல்கிறார். கூடவே இன்னொன்றும் போட்டுக் கொடுக்கிறார். பழைய காலத்தில் சீனர்கள் வந்து கட்டைவிரல் இருந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, தங்கள் நாட்டுச் சைத்தூன் துறைமுகத்துக் கோயிலில் வைத்துவிட்டார்களாம். படத்தில் வேண்டிய மூலையை மட்டும் வெட்டிக்கொண்டு போகிற பழக்கம் போன் வந்த பிறகு வந்ததென்று யாரும் சொல்ல வேண்டாம்.

மலை உச்சியை விடுங்கள், மலையடிவாரத்துத் தோட்டத்துக்கு வருவோம். படத்தை வகைப்படுத்துவது இங்கே அன்றாட வேலை. ஒரு செடியில் எத்தனையோ துளிர். இரண்டு இலையும் மொட்டும் உள்ளது கொழுந்து, இது கூடைக்கு. முத்தல், காம்பு, பங்கி, இவை கூடாது. அட்டை கால்விரலிடுக்கில் ஏறிக்கொண்டிருக்க, மழையில், படங்குத் துணி இடுப்பில் இழுக்க, இதை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பிரிக்கிறார்கள் எங்கள் அக்காமார். அந்த வேகத்துக்கு எந்த ஆய்வுகூடம் கிட்ட வரும்? மடுவத்துக்குக் கொண்டுபோனால் கங்காணி கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி, விரலால் பரப்பிப் பார்ப்பார். அதுதான் பரிசோதனை. பிறகு தராசு, அதற்குப் பிறகு தண்ணிக்கென்று ஒரு கழிவு. கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். நாள் முழுக்க நின்றது முழு ஆள், கணக்கில் விழுவது பாதி ஆள்.

இதையே 2007இல் அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். ஃபெய்-ஃபெய் லீ என்ற பேராசிரியர், உலகத்தில் உள்ள பொருளுக்கெல்லாம் படம் சேர்த்து இமேஜ்நெட் என்ற பெருந்தொகுப்பை உண்டாக்கக் கிளம்பினார். மாணவர்களை வைத்துச் செய்தால் ஆயுள் போதாது என்று தெரிந்தது. உடனே அமேசானின் மெக்கானிக்கல் டர்க் வழியாகக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள்: 167 நாடுகளில் கிட்டத்தட்ட 50,000 பேர். படம் வரும், இதில் நாய் உண்டா இல்லையா என்று அழுத்த வேண்டும், சில்லறைக் காசு விழும். வேலை கொடுத்தவருக்குப் பிடிக்காவிட்டால் நிராகரிக்கலாம், அப்படியானால் காசில்லை. அரைப்பேர்கூட இல்லை! கங்காணி பரவாயில்லை, அவரிடம் நின்று சண்டையாவது போடலாம்.

2012இல் டொரொண்டோவிலிருந்து கிரிஷெவ்ஸ்கி, சட்ஸ்கீவர், ஹிண்டன் மூவரும் அந்தத் தொகுப்பில் பழக்கிய அலெக்ஸ்நெட் என்ற கணினிக் கண்ணைக் கொண்டுவந்து, படத்தை இனங்காணும் போட்டியில் எல்லாரையும் துவைத்து எடுத்தார்கள். அடுத்த ஆளின் பிழை 26 சதவீதம், இவர்களுடையது 15. உலகம் ஆடிப்போனது, பிள்ளைகளின் லீவு வேலை ஒருவழியாக நகரத் தொடங்கியது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அந்தப் போட்டிக்கு எடுத்த 1,000 வகைகளில் நாய்ச்சாதி மட்டும் நூற்றுக்கு மேல். எஸ்பிரஸோ காப்பி உண்டு, அதைப் போடுகிற மெஷின் தனி வகை. தேத்தண்ணி இல்லை! தேத்தண்ணி ஊற்றுகிற கேத்தல் மட்டும் உண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் கவலையில்லை. இந்த மலைகளில் 1869இல் துரு நோய் வந்து காப்பி செத்தது. அந்தச் செய்தி இன்னும் அமெரிக்காவுக்குப் போய்ச் சேரவில்லை போல.

சிறுத்தையும் அந்த ஆயிரத்தில் ஒன்று. சிறுத்தை நல்லதண்ணிக்குப் புதிதில்லை, லயத்து நாய்கள் சாட்சி. ஆனால் தோட்டத்து ஆள் பார்த்தேன் என்றால் கண்ணில் பழுது என்பார்கள், கெமரா பார்த்தால் ஆய்வு. சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானாகப் படம் பிடிக்கும் கெமராவை மரத்தில் கட்டுகிறார்கள். சிறுத்தைக்கு இடது விலாவில் உள்ள புள்ளிக் கோலம் வலது விலாவில் இராது. ஆகவே தடத்தின் இருபுறமும் இரண்டு கெமரா, அந்தக் கோலத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது. கறுப்பாக ஒன்று வந்தால்? மலேசியாவில் 2015 ஆய்வொன்றில் நல்ல தந்திரம் செய்தார்கள். கெமராவின் வெளிச்ச உணரியை மூடி, பட்டப்பகலையும் இருட்டு என்று நம்பவைத்தார்கள். அது அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் பிடித்தது, கறுப்புத் தோலுக்குள் ஒளிந்திருந்த புள்ளிகள் வெளியே வந்தன. இயந்திரக் கண் சரியாக வேலை செய்ய அதன் கண்ணைக் கட்ட வேண்டியிருந்தது.

2019இல் இங்கேயும் வாய்த்தது. நாட்டில் இனி இல்லை என்று பலர் முடிவு கட்டியிருந்த கருஞ்சிறுத்தை, நல்லதண்ணிப் பக்கத்துக் காட்டில் வனசீவராசிகள் திணைக்களத்தின் கெமராவில் விழுந்தது. அடுத்த வருஷம், 2020 மே 26, லக்சபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டிக்கொண்டது. சிகிச்சைக்கென்று உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், மே 29 செத்துப்போனது. கம்பி கட்டுகிறவர் காட்டுப்பன்றியை நினைத்துத்தான் கட்டுகிறார். கழுத்து என்ற ஒரே ஒரு வகைதான் கம்பிக்குத் தெரியும், மற்ற 999ஐ அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.