அரிஃப்ஜான் புல்லட்டுக்காரர்

குவைத்தில் மஹ்பூலா, மங்காஃப் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் அவரை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் தூக்கக் கலக்கத்தோடு பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் ஓரமாக நிற்கும் சாப்பாட்டு டெலிவரி பைக்கைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருப்பார். "செயினுக்கு எண்ணெய் விட்டு எத்தனை மாசமாச்சு தம்பி?" என்று சுத்தத் தஞ்சாவூர்த் தமிழில் அதட்டுவார். அந்தப் பையன் வங்காளதேசத்துக்காரன். ஒன்றும் புரியாது. ஆனாலும் குற்றவாளியைப் போல விழிப்பான்.

நம்மவருக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். வேலை அரிஃப்ஜானில், அமெரிக்க ராணுவ முகாமில். ராணுவத்திடம் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியிடம் சப்-காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனியில் மெக்கானிக். அமெரிக்கரும் இல்லை, குவைத்காரரும் இல்லை என்பதால் முகாம் பாஷையில் 'டி.சி.என்.', அதாவது மூன்றாம் நாட்டு ஆள். சமைப்பது, துவைப்பது, ஏசி பழுது பார்ப்பது, ஹம்வியின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது எல்லாம் இந்த மூன்றாம் நாட்டு ஆட்கள்தான். இதையெல்லாம் சம்பந்தி வீட்டில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? மாமியார் சுருக்கமாக "மாப்பிள்ளை மிலிட்டரியில இருக்கார்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் அதை மறுக்க அவசரப்படவில்லை.

அறையில் சீனியர்கள் உண்டு. பக்ராம், காந்தஹார் என்று ஆப்கானிஸ்தானத்தில் இருந்துவிட்டு, 2021-ல் எல்லாம் காலியானபோது வந்தவர்கள். இரவில் சைரன் ஊதியதும் பங்கருக்குள் ஓடிப் படுத்த கதையை அவர்கள் சொல்வார்கள். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும்ண்ணே, அங்க குளிர்ல கிக் ஸ்டார்ட் எத்தனை உதைக்கு எடுக்கும்?" என்பார்.

ஊரில் நிற்பது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்த வண்டியை எழுப்புவதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு சின்ன அழுத்து. லீவரை விட்டுவிட்டு முழு உதை. முள் நடுவுக்கு வராமல் உதைத்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டியதுதான். முகாமில் ஹம்வி சுவிட்சைத் திருப்பினால் கிளம்பிவிடுகிறது. "அதுல என்னய்யா மரியாதை இருக்கு?" என்று கேட்பார்.

பணிமனைக்கு வரும் அமெரிக்க சார்ஜென்ட் ஒருத்தர் ஹார்லிக்காரர். இருவருக்கும் பொதுவான பாஷை செல்போனில் உள்ள படங்கள்தான். புல்லட்டைப் பார்த்து அவர், "இது எந்த யுத்தத்து வண்டி?" என்று கேட்டுவிட்டார். நம்மவருக்கு இங்கிலீஷ் பொங்கிவிட்டது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து இந்திய ராணுவத்துக்காகவே புல்லட்டைச் சென்னையில் பூட்ட ஆரம்பித்ததையும், பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையையும், இங்கிலாந்தில் கடையை மூடி அரை நூற்றாண்டானபின்னும் நம் ஊரில் வண்டி வந்துகொண்டிருப்பதையும் கையாலும் வாயாலும் விளக்கினார். அதில் ஒரு முடிவையும் கண்டுபிடித்தார்: வண்டியும் ராணுவத்துக்கு, தானும் ராணுவத்துக்கு; மாமியார் சொன்னதில் தப்பே இல்லை.

சரி, குவைத்திலேயே ஒரு பைக் வாங்கி ஓட்டித் தொலைக்கலாமே என்றால், லைசென்ஸ் எடுக்க வெளிநாட்டுக்காரன் பட்டதாரியாக இருக்க வேண்டும், 600 தினார் சம்பளம் வாங்க வேண்டும், இரண்டு வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். சில வேலைகளுக்கு விலக்கு உண்டு, ஐ.டி.ஐ. முடித்த மெக்கானிக்குக்கு இல்லை. வெயிலோ கேட்கவே வேண்டாம். 2016 ஜூலையில் மித்ரிபாவில் 53.9 டிகிரி அடித்தது. உலக வானிலை அமைப்பே சரிபார்த்து ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த வெயிலில் புல்லட் சீட்டில் உட்காருகிறவன் எழுந்திருக்கும்போது பாதி ஆளாகத்தான் எழுந்திருப்பான்.

ஆகவே அவருக்கு வாய்த்தது வெள்ளிக்கிழமை வீடியோ கால். விடுமுறை நாள். அங்கே எட்டு மணி, ஊரில் பத்தரை. தம்பி செல்போனைப் பால் கேன் மேல் சாய்த்து வைத்துவிட்டு வண்டியை உதைப்பான். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு இயர்போனில் கேட்பார்.

"டேப்பட் சத்தம் கேக்குதேடா?"

"அது பக்கத்து வீட்டு மிக்ஸிண்ணே."

"வாரம் ஒரு தடவை தெருக்கோடி வரைக்கும் ஓட்டு. போதும். நாப்பதைத் தாண்டாதே."

"சரிண்ணே."

"கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு."

"ஸ்பீடோ கேபிள் அறுந்துபோச்சுண்ணே."

கேபிள் அறுந்து ஒன்றரை வருஷமாகிறது. மாற்றுவதற்கு மூன்று முறை பணம் அனுப்பியாகிவிட்டது. தெருக்கோடி வரை போய்வரும் வண்டிக்கு மாசம் பத்து லிட்டர் பெட்ரோல் எப்படி ஆகிறது என்பதை மட்டும் அவர் ஏனோ கேட்டதில்லை. எஞ்சின் எண்ணெய், இன்ஷூரன்ஸ், புது டயர் எல்லாவற்றுக்கும் தினாரில் படியளக்கிறவர் அவர். ஓட்டுகிற தொல்லையைத் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

ஆனால் முகாம் அவரை என்ன செய்து வைத்திருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. அங்கே வண்டிகள் நிற்கும் வளாகத்தில் ஒரு வண்டியை நகர்த்த வேண்டுமென்றால், முன்னால் ஒருத்தர் நடந்து கைகாட்டிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை. எண்ணெய் சொட்டினால் மண் கெட்டுவிடும் என்று எஞ்சினுக்கு அடியில் தட்டு. இருட்டிவிட்டால் இடுப்பில் பளபளக்கும் மஞ்சள் பட்டை. ஆரம்பத்தில் அவரும் சிரித்தார். வருஷக் கணக்கில் தினமும் செய்தால் எதுவும் மதமாகிவிடும்.

வருஷாந்திர லீவு வந்தது. விமானத்தை விட்டு இறங்கிய மனுஷன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே புல்லட்டிடம் போனார், தடவினார், கண் கலங்கினார். பிறகு அம்மாவிடம் ஒரு பழைய தாம்பாளம் கேட்டு வாங்கி எஞ்சினுக்கு அடியில் வைத்தார். வெற்றிலை பாக்கு வைக்கத்தான் கேட்கிறான் என்று அம்மா குங்குமத்தோடு வந்து நின்றார். அடுத்து, ராஜகோபாலசுவாமி கோயில் தேருக்குப் போடுகிற மாதிரி சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டார். கடைசியாக அக்கா மகனைக் கூப்பிட்டு, "மாப்ளே, நீ முன்னால நடந்து கை காட்டு, மாமா வண்டியை வெளிய எடுக்கறேன்" என்றார்.

பையனுக்குப் பத்து வயசு. அவனுக்குத் தெரிந்த கைகாட்டல் கிரிக்கெட் அம்பயருடையதுதான். சிக்ஸருக்குக் கை தூக்கினான். மாமா பிரேக் போட்டார். வைடுக்குக் கையை விரித்தான். மாமா எஞ்சினையே அணைத்தார். வாசலில் இருந்து தெருவுக்கு வர கால் மணி நேரம். எதிர்த் திண்ணைப் பெரியவர் மட்டும், "பின்னால மேளக்காரங்க வர்றாங்களா தம்பி?" என்று விசாரித்தார்.

மாலையில் ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ், மஞ்சள் பட்டை சகிதம் கடைத்தெருவுக்குப் போனார். யாரோ நகராட்சி ஆள் என்று நினைத்து ஒரு அம்மாள் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் புகார் கொடுத்தார். அவரும் கேட்டுக்கொண்டார்.

லீவு இப்படியே கரைந்தது. பேங்கு, பட்டா, காது குத்து, பத்திரிகை வைப்பது. மனைவி பின்னால் உட்கார ஒரு தடவைதான் சம்மதித்தார். நாற்பதில் போனதால் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. குவைத்தில் படுக்கையில் கிடந்து ஏங்கியதெல்லாம் ஒரே ஒரு சவாரிக்குத்தான்: திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், இரண்டு பக்கமும் உப்பளம், நேராகக் கோடியக்கரை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அதற்கு நேரம் கிடைத்தது. அன்று பார்த்துக் கிக்கர் திருப்பி அடித்து வலது கால் வீங்கியிருந்தது.

"நீங்க பின்னால உக்காருங்கண்ணே, நான் ஓட்டறேன்" என்றான் தம்பி.

மஞ்சள் பட்டையோடு அண்ணன் பின்னால் ஏறினார். வேதாரண்யம் தாண்டி உப்பளக் காற்று முகத்தில் அடித்ததும் தம்பி திராட்டிலை முறுக்கினான். அண்ணன் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "நாப்பது! நாப்பது!" என்று கத்தினார்.

"முடியாதுண்ணே, நாப்பதுல போனா வண்டி திணறுது."

"ஏன்டா?"

"அதுக்கு அந்தப் பழக்கமே இல்லண்ணே."