காவல்காரனுக்கு ஒரு கம்பளி

கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர்களுக்குத் தங்கள் குளிரைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று அங்கே பகலிலும் கடுங்குளிர் விடவில்லை. அதே சமயத்தில் செவ்வாய் கிரகத்தில் உருண்டுகொண்டிருந்த கியூரியாசிட்டி ஊர்தி, அங்கே பகல் உச்சம் மைனஸ் 29 டிகிரி என்று தகவல் அனுப்பியிருந்தது. வின்னிபெக்கும் செவ்வாய் அளவுக்குக் குளிர்ந்துவிட்டது என்று மனிடோபா அருங்காட்சியகம் இரண்டையும் ஒப்பிட்டு அறிவித்ததும் ஊரே பூரித்துப்போனது. நாசா தன் கேமராவைச் செவ்வாயை மனதில் வைத்துச் செய்தது. வின்னிபெக் வீட்டு வாசலில் மாட்டும் கேமராவையோ, பனியைப் படத்தில் மட்டும் பார்த்த யாரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வடிவமைத்திருக்க வேண்டும்.

இந்த ஊரில்தான் பாளையங்கோட்டை மாப்பிள்ளை ஒருவர் வீடு வாங்கினார். கூரியர்காரர்கள் பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவதும், அதைத் தூக்கிக்கொண்டு போகவென்றே சிலர் தெருத்தெருவாகச் சுற்றுவதும் அங்கே சகஜம். ஆகவே கிரகப்பிரவேசத்துக்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பேட்டரி கேமராவைப் பரிசளித்தார்கள். வயர் வேண்டாம், சுவரில் பெரிய ஓட்டை வேண்டாம், இரண்டு திருகாணி போதும். செப்டம்பரில் அது பார்க்காத காட்சி இல்லை. நவம்பரில் ‘பேட்டரி குறைகிறது’ என்று முனகத் தொடங்கியது. டிசம்பரில் முனகலும் நின்றது.

குற்றம் கேமராவுடையது மட்டுமல்ல. லித்தியம் அயனி பேட்டரியின் சுபாவமே அப்படி. குளிரில் அதற்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். பெரும்பாலான பேட்டரி கேமராக்களின் கீழ் எல்லை மைனஸ் 20. கூகுள் நெஸ்ட்டின் பேட்டரி கேமராவுக்கும் அதுதான் கணக்கு. வின்னிபெக்கில் ஜனவரி இரவின் சராசரியே மைனஸ் 20-க்குக் கீழே. இன்னொரு எல்லையும் உண்டு, அதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த பேட்டரி சார்ஜ் ஏறாது. ஏற்றினால் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அதனால் உள்ளேயிருக்கும் சர்க்யூட்டே கதவைச் சாத்திவிடுகிறது.

கேமராவின் செயலி விடவில்லை, ‘சோலார் பேனல் வாங்குங்கள்’ என்று யோசனை சொன்னது. டிசம்பரில் வின்னிபெக்கின் பகல் சுமார் எட்டு மணி நேரம்; நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 17 டிகிரிக்கு மேல் ஏறாது. இருந்தாலும் பேனலுக்குக் குளிர் பிடிக்கும். வெயில் ஒன்றாக இருந்தால், சூட்டில் தருவதைவிடக் குளிரில் கூடுதலாகவே மின்சாரம் தரும். என்ன பயன்? பந்தியில் இலை போட்டுச் சோறு பரிமாறியாகிவிட்டது. சாப்பிட வேண்டியவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

கேமராவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து சார்ஜ் ஏற்றலாம் என்று மாப்பிள்ளை வெளியே போனார். செயலியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவதற்குள் கையிலிருந்த ஐபோனும் அணைந்தது. அதை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கேமராவை உள்ளே கொண்டுவந்ததும் சமையலறையின் ஈரக்காற்று பட்டு, லென்ஸ் முழுக்க வியர்த்துவிட்டது.

இந்த வைபவம் முழுவதையும் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர் மாமனார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“மாப்ளே, அந்தக் கார்லெல்லாம் முன்னாடி பிளக்கு தொங்குதே, எலக்ட்ரிக் காரா?”

“இல்ல மாமா, பெட்ரோல் கார்தான். ராத்திரி இன்ஜின் உறைஞ்சு போகாம இருக்க ஹீட்டர். அதுக்குத்தான் பிளக்கு.”

வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை பெற்ற சாதனம் அது. வின்னிபெக்கில் அலுவலக வாகன நிறுத்துமிடங்களில்கூட அதற்கென்று பிளக் பாயிண்டுகள் வரிசையாக நிற்கும். மாமனாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“கார் இன்ஜினுக்கே லைன் வேண்டியிருக்கு. இத்துனூண்டு கேமரா எம்மாத்திரம்? பேட்டரிய நம்பாதீங்க. லைன் இழுங்க மாப்ளே.”

லைன் இழுக்கக் கோடை வர வேண்டும். அதுவரை மாப்பிள்ளை கடை கடையாக அட்டைப்பெட்டிகளைப் படித்தார். மெகாபிக்சல் எண் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். வெப்பநிலை எல்லை அடிப்பக்கத்தில் பார்கோடுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். அதிலும் அமெரிக்கப் பெட்டிகளில் ‘மைனஸ் 4’ என்று பார்த்து முகம் சுளித்தால், அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 20. ‘மைனஸ் 22’ என்றால் மைனஸ் 30. மைனஸ் 40-க்கு வந்தால்தான் இரண்டு அளவும் ஒன்றாகி ராசியாகின்றன. அந்தக் குளிரில் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கும்?

ஐபி66 என்ற முத்திரையைக் காட்டி, “எதையும் தாங்கும் சார்” என்றார் ஒரு விற்பனையாளர். முதல் 6 தூசிக்கு, இரண்டாம் 6 பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு. குளிரைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. வானிலை அறிக்கையில் வரும் ‘காற்றோடு சேர்ந்து மைனஸ் 50 போல உணரப்படும்’ என்ற மிரட்டலும் கேமராவுக்கு அல்ல. அது மனிதத் தோலுக்கான கணக்கு. எவ்வளவு காற்றடித்தாலும் பெட்டியில் போட்ட எல்லையோடு ஒப்பிட வேண்டியது தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைத்தான். காற்று செய்வதெல்லாம் கேமராவின் சொந்தச் சூட்டைச் சீக்கிரம் பறித்துக்கொள்வது மட்டும்.

பேட்டரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிளிங்க் மாதிரியான கேமராக்களில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி கிடையாது. தீர்ந்ததும் தூக்கிப்போடும் டபுள்-ஏ அளவு லித்தியம் செல். அந்த வகையில் எனர்ஜைசரின் செல் மைனஸ் 40 வரை வேலை செய்யும் என்று அதன் தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். செல் தாங்கும், ஆனால் கேமராவின் எல்லை அதே மைனஸ் 20-இல் நிற்கிறது.

மாப்பிள்ளை கடைசியில் மாமனார் வழிக்கே வந்தார்: ஈதர்நெட் வயர் ஒன்றே மின்சாரத்தையும் கொண்டுபோய்ப் படத்தையும் கொண்டுவரும் ‘பிஓஇ’ கேமரா. 2003-இல் வந்த தரத்தின்படி இந்த வயர் கேமராவுக்கு 12.95 வாட் வரை தரும். 2009-இல் வந்த அடுத்த தரம் 25.5 வாட். உள்ளே ஹீட்டர் வைத்த கேமராக்களுக்கு இரண்டாவது தேவைப்படலாம். ஹீட்டர் இல்லாவிட்டாலும், இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் கேமரா தன் சூட்டிலேயே கொஞ்சம் குளிர்காய்ந்துகொள்ளும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிவது இன்னும் நல்லது.

சிக்கல், மின்சாரம் போய்த் திரும்பும்போதுதான். ஓடிக்கொண்டே இருக்கும்வரை சமாளிக்கிற கேமரா, உறைந்து விறைத்த பிறகு எழுந்திருக்க மறுக்கலாம். இதற்காகவே ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் தன் கேமராக்கள் சிலவற்றில் ‘ஆர்க்டிக்’ ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது: மைனஸ் 40-இல் மின்சாரம் வந்தால் முதலில் ஹீட்டர் மட்டும் ஓடும், உடம்பு சூடான பிறகுதான் கேமரா கண் விழிக்கும்.

“கேமராவுக்கு ஹீட்டரா? ஏங்க, கராஜுக்கு ஒண்ணு வாங்குங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன்” என்றார் மனைவி.

மைனஸ் 40 போட்ட கேமரா ஒன்று வந்து சேர்ந்தது. வின்னிபெக்கில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 47.8, நடந்தது 1879 டிசம்பர் 24 அன்று. அந்த இரவு மறுபடி வந்தால் திருடனும் வெளியே வர மாட்டான் என்று மாப்பிள்ளை மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஜூனில் வேலை தொடங்கியது. பனி போன இடத்தில் வின்னிபெக்கின் கொசுக்கள் வந்திருந்தன. பாளையங்கோட்டையிலிருந்து மாமனாரின் மேற்பார்வை நடந்தது. சாதாரண பிவிசி உறை போட்ட வயர் கடுங்குளிரில் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். மைனஸ் 40 தாங்கும் வெளிப்புற வயர்தான் வேண்டும். இடம் கூரை விளிம்புக்கு அடியில், ஆனால் பனிக்கட்டி ஊசிகள் விழும் பாதைக்கு விலகி. உருண்டைக் கண்ணாடி மூடிய டோம் கேமராவில் உறைபனி பிடித்துக்கொள்ளும் என்பதால் மூடி இல்லாத வகை. வீட்டைச் சூடாக்கும் உலையின் புகைக்குழாய் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; அதற்கு மேலே மாட்டினால் அந்த நீராவி முழுவதும் லென்ஸில் பனியாகப் படியும். சுவரில் போட்ட ஓட்டையை அடைக்காவிட்டால் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று வயரோடு சேர்ந்து கேமராவுக்குள் போய் உள்பக்கமாக உறையும். மாமனார் அந்த ஓட்டையை அடைத்ததை மூன்று கோணத்தில் காட்டச் சொல்லித்தான் அன்று சாப்பிடப் போனார்.

குளிர்காலம் வந்தது. கேமரா அசைந்து கொடுக்கவில்லை. புதிய தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது: இரவில் பெய்யும் பனித்துகள்கள் அகச்சிவப்பு ஒளியில் வெள்ளைக் கோடுகளாகப் பாய, ஒவ்வொன்றையும் ‘நடமாட்டம்’ என்று அறிவித்துக்கொண்டே இருந்தது கருவி. மனித உருவத்தை மட்டும் கவனிக்கும்படி அமைப்பை மாற்றச் சொன்னார் மனைவி. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. செயலி அவர் போனிலும் இருந்தது. குளிர்காலத்தில் வின்னிபெக் பாளையங்கோட்டைக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு இரண்டு என்றால் இங்கே பகல் ஒன்றரை. இப்படி ஒரு காவல்காரர், அதுவும் சம்பளம் இல்லாமல், வேறு யாருக்குக் கிடைப்பார்?

“மாப்ளே, வாசல்ல வெள்ளையா என்னமோ உக்காந்திருக்கு!”

“முயல் மாமா. இங்க குளிர்காலத்துல ரோமம் வெள்ளையா மாறிடும். தூங்கட்டுமா?”

ஒருநாள் காலை கூரியர் பையன் பார்சலை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியபோது சுவரிலிருந்து ஒரு குரல் கேட்டது. கேமராவில் பேசும் வசதியும் இருப்பதை மாமனார் அன்றுதான் கண்டுபிடித்திருந்தார்.

“தம்பி, உள்ள பொண்ணு இருக்கா. பெல்ல அடிச்சுக் கையில குடுங்க. என்னய்யா இது, கையில உறைகூடப் போடல?”

பையன் மிரண்டுபோய் அண்ணாந்து பார்த்தான். ஆங்கிலத்தில் என்னமோ சொன்னான். பிறகு மணியடித்தான். அன்றிலிருந்து அவன் எந்தப் பார்சலையும் வாசலில் விட்டுவிட்டுப் போவதில்லை. மணியடித்து, ஆள் வரும்வரை கேமராவைப் பார்த்துக் கையசைத்தபடி நிற்கிறான்.

“பின்பக்கத்துக்கும் ஒண்ணு மாட்டிருங்க மாப்ளே” என்றார் மாமனார். “மத்தியானம் சாப்பிட்டப்புறம் எனக்குப் பொழுது போக மாட்டேங்கு. ஆனா லைன் இழுத்துத்தான் மாட்டணும், ஆமா.”