ஊசிக்கு ஒரு கிழமை

வாரம் ஒரு தடவை, எந்தக் கிழமை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கிழமையை மட்டும் மாற்றாதீர்கள் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கிழமை ஒன்றுகூட இல்லை என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

அம்மா காலண்டரோடு உட்கார்ந்தாள். ஞாயிறு கறிக்குழம்பு, அன்றைக்குப் போய் பசியை அடக்க மருந்தா? திங்கள் அவளுக்குச் சோமவார விரதம். ஒரு வீட்டில் ஒருத்தர் பட்டினி போதும். செவ்வாயில் எதையும் தொடங்க மாட்டாள். வியாழன் குரு பகவானுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், மிச்சம் வைத்தால் தெய்வக் குத்தம். விளக்கு வைத்த பிறகு அக்கம்பக்கத்துக்குத் தையல் ஊசிகூடக் கொடுக்காதவள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பிள்ளை வயிற்றில் குத்த விடுவாளா? சனி பேச்சுக்கே இடமில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று புதன் முடிவாயிற்று. அதிலும் 7.30 முதல் 9 வரை எமகண்டம், 12 முதல் 1.30 வரை ராகுகாலம். ஆகவே பத்து மணிக்கு முகூர்த்தம்.

மருந்தின் பெயர் டிர்செபடைடு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோன் சுரந்து, 'போதும்ப்பா' என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் அதில் பாதி காலி. என் விஷயத்தில் இரண்டாவது தோசை வருவதற்குள் ஆளையே காணோம். ஊசி மருந்து அந்த ஹார்மோன் போலவே வேலை செய்யும், ஆனால் பாதியாகக் குறையவே ஐந்து நாள் ஆகும். இரைப்பையும் நிதானமாகத்தான் காலியாகும். அதனால்தான் வாரத்துக்கு ஒன்று.

இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸெனடைடு. கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டெடுத்த பொருளிலிருந்து பிறந்தது. இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், அம்மா பஞ்சாங்கத்தில் 'பல்லி விழும் பலன்' பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள். வயிற்றுக்கு என்னவோ பலன் போட்டிருந்தது. எடை குறையும் என்று மட்டும் போடவில்லை.

பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி ஃபிரிட்ஜில் மல்லிப்பூப் பொட்டலத்துக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் நடுவே குடியிருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் கொஞ்ச நாள் வெளியேயும் வைக்கலாமாம். மே மாதச் சென்னையில் அப்படி ஓர் இடம் இருந்தால் நானே போய்ப் படுத்துக்கொள்வேன். புதன்கிழமை பத்து மணிக்குப் புது ஊசியைத் திருகி, தொப்புளை விட்டுத் தள்ளிக் குத்தி, குமிழை அழுத்தியபடி ஐந்து வரை எண்ண வேண்டும். அம்மாதான் எண்ணுவாள், அரிசி அளக்கிற பழக்கத்தில்: "லாபம், ரெண்டு, மூணு..." நான் நஷ்டத்துக்காகக் காசு கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் பெருங்காயம் தாளிக்கிற வாசனைக்கே குமட்டியது. அது பழகிவிட்டது. பழகாதது பந்தி. வயிறு 'போதும்' என்றால் அதை மூளை கேட்கும். கரண்டியோடு நிற்கும் அத்தை கேட்பாளா? மருந்து என்று சொன்னால், யார் எழுதிக் கொடுத்தது, கிட்னிக்கு ஆகுமா என்று விசாரணைக் கமிஷன் வைப்பாள். அதனால் "விரதம் அத்தை" என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாள். நவீன மருத்துவத்துக்கு இல்லாத மரியாதை!

அதோடு விட்டாளா? எந்த சாமிக்கு, எத்தனை வாரம், ஒன்பதா, பதினொன்றா என்று ஆரம்பித்தாள். இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பி வந்ததாக ஆய்வு இருக்கிறது. டாக்டரும் தேதி சொல்லவில்லை. "முடிவு தெரியலை அத்தை" என்றேன்.

"தெரிஞ்சதும் சொல்லுடா. விரதம் முடிச்சா நாலு பேருக்கு இலை போடணும், லட்டுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும். முதல் இலை உனக்குத்தான்."