வரிசை அழியாமை: விரைவு வாயில் பற்றி ஒரு நூற்பாவும் அதன் உரையும்

காத்திருத்தலுக்குத் தமிழில் தனித் திணையே உண்டு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ஆனால் அங்கே காத்திருப்பவள் தலைவி, அதுவும் வீட்டில். நள்ளிரவு கடந்து மீனம்பாக்கத்தில் இறங்கி, கையில் பாஸ்போர்ட்டும் தோளில் லேப்டாப் பையுமாக இமிகிரேஷன் வரிசையில் நிற்கும் தலைவனைப் பற்றி இலக்கண நூல்கள் ஒன்றும் கூறவில்லை. அக்குறையைப் போக்கக் கீழ்க்காணும் நூற்பா இயற்றப்பட்டது:

விரைந்து வந்தாரும் பெட்டிக்கு நிற்ப;
நின்று வந்தாரும் பெட்டிக்கு நிற்ப;
பெட்டி இல்லார் அலங்கடையே.

இதைச் செய்தவர் யாரோ எனின், இக்கட்டுரையாளர். உரை எழுதுபவரும் அவரே. ஆகவே மூலத்துக்கும் உரைக்கும் முரண் வர வழியில்லை.

'விரைந்து வந்தார்' என்றது, அரசின் 'நம்பகப் பயணி' திட்டத்தில் பதிந்துகொண்டு தானியங்கி வாயில் வழியே வருவோரை. இத்திட்டம் 2024 ஜூன் 22 அன்று டில்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு ஊர்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம் முதலிய ஐந்துக்கும் வந்து சேர்ந்தது. இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்போருக்கும் கட்டணம் இல்லை. இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்தபின் கைரேகையும் முகமும் பதிய வேண்டும். பிறகு வாயிலில் போர்டிங் பாஸைக் காட்டி, பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். அரசுக் கணக்கில் இதற்கு ஆகும் நேரம் 30 நொடி. இதை மறுக்க உரையாசிரியரிடம் சான்றில்லை. மறுக்கத் தேவையும் இல்லை என்பது பின்னே விளங்கும்.

'நின்று வந்தார்' என்றது ஏனையோரை. இவர்கள் நிற்பதன் கணக்கு 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதிக்கு உட்பட்டது: நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் நிற்கும் நிமிடங்களால் பெருக்கினால், நிற்போர் தொகை. நிமிடத்துக்குப் பத்துப் பேர் வந்து ஆளுக்கு அரைமணி நின்றால் கூடத்தில் 300 தலைகள். வளைகுடா விமானமும் சிங்கப்பூர் விமானமும் அடுத்தடுத்து இறங்கும் இரவில், பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, எட்டிப் பார்த்தாலே போதும்.

இனி 'பெட்டிக்கு நிற்ப' என்பது. நூற்பாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 30 நொடியில் வாயில் கடந்தவர் நேரே போய்ச் சேருமிடம் பெல்ட். அங்கே பெட்டி இல்லை. பெட்டி இன்னும் விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கவில்லை. இறங்கினாலும் இழுவை வண்டி வர வேண்டும், வந்தாலும் ஆட்கள் எடுத்துப் போட வேண்டும். இமிகிரேஷன் துறை எத்தனை வாயில் வைத்தாலும் இவ்வேலை அதன் கையில் இல்லை. ஆகவே விரைந்தவர், கயிறு கட்டிய யாருடையதோ ஓர் அட்டைப் பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அரைமணி கழித்து, வரிசையில் நின்றவர் வியர்வையைத் துடைத்தபடி வந்து சேர, அவருடைய பெட்டி அவரோடு கூடவே வந்ததுபோல் முதலில் வரும். விரைந்தவர் பெட்டி கடைசியில் வரும். இது ஏன் என்பதை எந்த விதியும் விளக்கவில்லை. இருந்தும் இதை மறுக்கும் ஒரு பயணியை உரையாசிரியர் இதுவரை சந்தித்ததில்லை.

இதற்கு அயல்நாட்டு ஆதரவும் உண்டு. ஹூஸ்டன் விமான நிலையத்தில் பெட்டி தாமதம் என்று ஓயாமல் புகார் வந்ததாம். ஆட்களைக் கூட்டிக் காத்திருப்பை எட்டு நிமிடமாகக் குறைத்தும் புகார் நிற்கவில்லை. ஒரு நிமிடம் நடந்து வந்து ஏழு நிமிடம் நிற்பதுதான் பயணிக்குப் பொறுக்கவில்லை என்று கண்டு, பெல்ட்டைத் தூரத்துக்கு மாற்றி நடக்கவிட்டார்களாம். புகார் அநேகமாக நின்றுவிட்டதாம். வரிசை ஆய்வாளர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், இமிகிரேஷன் வரிசை என்பது பெட்டி வராததைப் பயணியிடமிருந்து மறைத்துவைக்கும் ஒரு கருணை ஏற்பாடு. விரைவு வாயில் அந்தக் கருணையைப் பறிக்கிறது.

பெட்டி வந்தாலும் சுங்கம் இருக்கிறது. நம்பகப் பயணி என்ற தகுதி அங்கே எடுபடாது. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றே. அதையும் தாண்டினால் அழைத்துப்போக வருகிற உறவு. விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் போதும் என்பது சென்னை உறவினர்களின் நெடுநாள் கணக்கு. கைப்பையோடு பதினைந்தே நிமிடத்தில் வெளியே வந்து அழைத்தால் மறுமுனையில் மாமாவின் வியப்பு கேட்கும்: "என்ன மாப்ளே, அதுக்குள்ள வந்துட்டீங்களா? நான் இப்பத்தான் பெருங்களத்தூரே தாண்டுறேன்." ஆக, 'பெட்டி இல்லார் அலங்கடையே' என்ற விலக்கும் மாமா இல்லாதார்க்கே முழுதும் பொருந்தும் என்க.

குடும்பத்தோடு வருவோர்க்கு உரை சுருக்கம். ஒவ்வொருவரும் தனித்தனியே பதிய வேண்டும். கணவர் மட்டும் பதிந்துகொண்டு, மனைவி மக்களை வரிசையில் விட்டுவிட்டு வாயில் வழியே முன்னே போவது சட்டப்படி செல்லும். செய்து பார்த்தவர் மறுமுறை செய்வதில்லை.

அற்றேல், இத்திட்டம் பயனற்றது எனின், அன்று. புறப்பாட்டில் இதன் மதிப்பே வேறு. பெட்டி கவுண்டரிலேயே நம்மை விட்டுப் போய்விடுகிறது. விமானம் நமக்காக நிற்காது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டி ஓடிவருபவனுக்கு அந்த 30 நொடி உண்மையிலேயே 30 நொடிதான். மிச்சமாகும் நேரம் முழுவதும் அவன் கைக்கு வந்து சேரும். இலவசமாகவும் இருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை போகிறவரும் பதிந்துகொள்வதே அறிவு. இவ்விடத்தில் மட்டும் உரையாசிரியர் விளையாடவில்லை.

இதற்கு நிகரான அமெரிக்காவின் 'குளோபல் என்ட்ரி' இத்தனை எளிதன்று. ஐந்தாண்டுக்கு 120 டாலர். 2024 அக்டோபர் வரை 100-ஆக இருந்தது. ஆண்டுக்கு 24 டாலர், இருமுறை போனால் நடைக்கு 12. இந்தியர்களுக்கு 2017 முதல் இது திறந்திருக்கிறது. ஆனால் முதலில் இங்கே பாஸ்போர்ட் சேவை வழியாகப் பின்னணிச் சரிபார்ப்பு, பிறகு அவர்களுடைய நேர்காணல். அங்குள்ள பாதுகாப்புச் சோதனையை விரைவாக்கும் டிஎஸ்ஏ பிரீசெக் கூடவே கிடைக்கும். அதன் தலையாய இன்பம் ஷூ கழற்றாமை; 2025 ஜூலையில் அவ்வின்பத்தை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். காசு கட்டியவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இதைவிடப் பெரிய இடர் உணவு. 2018-இல் பாரிஸிலிருந்து திரும்பிய ஒரு பெண், விமானத்தில் கொடுத்த ஆப்பிளை அப்புறம் சாப்பிடலாம் என்று பையில் வைத்திருந்தார். சுங்கத்தில் சொல்லாததால் 500 டாலர் அபராதம் விதித்தார்கள், குளோபல் என்ட்ரி உறுப்புரிமைக்கும் ஆபத்து வந்தது. ஆப்பிளுக்கே இந்தக் கதி. பச்சைக் கறிவேப்பிலையோ, எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சிக்கு இடம் கொடுக்கும் என்று அங்கே தடை செய்யப்பட்ட பொருள். அம்மா சொல்லாமலேயே பெட்டி ஓரத்தில் செருகிவிடும் பழக்கம் உள்ள வீட்டார், 120 டாலர் கட்டுமுன் அம்மாவிடம் பேசிவிடுவது நலம்.

அடிக்கடி பறப்போர்க்கென்றே ஒரு வினோதமும் உண்டு. நம் திட்டத்தின் பதிவு ஐந்தாண்டு, அல்லது பாஸ்போர்ட் உயிரோடு இருக்கும் வரை, எது முந்துகிறதோ அது. சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 36 பக்கம். ஓயாமல் பறப்பவருக்கு விசாவும் அயல்நாட்டு முத்திரையும் விழுந்து பக்கம் தீர்ந்துபோகும். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் பதிவும் புதிதாக வேண்டும். எவருக்காகத் திட்டமோ அவருக்கே அது சீக்கிரம் தீர்கிறது. 60 பக்கப் பாஸ்போர்ட் கேட்டு வாங்குவது இதற்கு மருந்து.

எஞ்சியிருப்பது எதிர்காலம். இலவசம், பலனும் உண்டு என்றால் ஒருநாள் எல்லாரும் பதிந்துவிடுவார்கள். லிட்டிலின் விதி இயந்திர வாயிலுக்கும் பொருந்தும். அங்கே 300 பேர் நிற்பர். பழைய கவுண்டர்களில் அதிகாரிகள் சும்மா உட்கார்ந்திருப்பர். அந்நாளில், மனிதர் கையால் முத்திரை குத்திக்கொள்ளும் விரைவு வரிசை ஒன்றைத் தொடங்கி, ஐந்தாண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டணம் வைக்கலாம் என்பது இவ்வுரையின் பரிந்துரை. நேர்காணல் வேண்டாம்.