சிமிழும் மேக்கப் பெட்டியும்

பெண் குழந்தைக்கு அலங்காரப் பொருளைப் பரிசாகக் கொடுப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நவராத்திரிக் கொலுவுக்கு வரும் சிறுமிகளுக்கு வெற்றிலை பாக்கோடு கண்ணாடி, சீப்பு, ரிப்பன், வளையல், குங்குமச் சிமிழ் என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்திருக்கிறோம். அதனால் கலிஃபோர்னியாவில் நான் இருக்கும் லிவர்மோரில் டார்கெட் கடையின் பொம்மை வரிசையில் இளஞ்சிவப்பு மேக்கப் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து, காலம் கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தையின் ஆசை பழைய ஆசைதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதைக் குழந்தைக்கு யார் போட்டுவிடுகிறார்கள் என்ற இரண்டும்தான் மாறிவிட்டன.

பக்கத்துத் தெருக் குழந்தைக்கு ஆறு வயது நிறையப் போகிறது. அவள் குடும்பத்துக்குக் கோவில்பட்டி பூர்விகம் என்பதால் என்னையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். "மேக்கப் செட் வேணும் ஆச்சி. பொய் மேக்கப் இல்ல, நிஜமா கலர் ஒட்டணும்" என்றாள். அவள் அம்மா, இந்த ஊர்க்காரர்கள் 'லேப்' என்று சொல்லும் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் வேதியியல் பிரிவில் இருக்கிறாள். "எது வேணும்னாலும் வாங்குங்கம்மா, பின்னாடி இருக்கிற லேபிளை மட்டும் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க" என்றாள். இந்த இரண்டு கட்டளைகளோடுதான் கடைக்குப் போனேன்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மை வீட்டிலேயே ஆனது. கரிசலாங்கண்ணியைக் கசக்கிச் சாறெடுத்து, வெள்ளைத் துணியை அதில் தோய்த்து நிழலில் உலர்த்துவாள் ஆச்சி. தோய்ப்பதும் உலர்த்துவதும் பல முறை நடக்கும். பிறகு அந்தத் துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே வெண்கலத் தட்டைக் கவிழ்ப்பாள். விடிவதற்குள் தட்டில் கரி படிந்துவிடும். அதைச் சுரண்டி, ஒரு சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்துச் சிமிழில் அடைத்தால் மாதக்கணக்கில் வரும். சாந்துப் பொட்டுக்கு ஜவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவாள். அடுப்படியே கருகல் வாசனையாக இருக்கும். ஆடி மாதம் வந்தால் மருதாணி. இலையோடு கொட்டைப் பாக்கும் துளி புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பியும் உள்ளங்கை நடுவில் ஒரு வட்டமும், சுற்றிலும் புள்ளிகளும் வைப்பாள். "ஏட்டி, ஆடாம இரு" என்று அதட்டியபடி என் மோவாயைப் பிடித்துக்கொண்டு அவள் பொட்டு வைத்த நேரம்தான், அந்த வீட்டில் ஒரு பெரியவர் முழுதாக எனக்கென்று ஒதுக்கிய நேரம். பத்துப் பேர் சாப்பிடும் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை.

நாங்களே விளையாடியதும் உண்டு. செம்பருத்தி இதழை நாக்கில் நனைத்து நகத்தில் ஒட்டிக்கொள்வோம். வெற்றிலை போட்டுச் சிவந்த உதட்டை ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொள்வோம். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி முளைக்கும் கடைகளில் ரப்பர் வளையலும் கடைசல் பிடித்த மரச் சிமிழும் வாங்கித் தரச் சொல்லி அழுவோம். யாரும் அதற்கு மேக்கப் என்று பேர் வைக்கவில்லை, குழந்தைக்கு ஆகாது என்று தடுக்கவும் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். மையும் சாந்தும் எங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருந்தன. பவுடர் வேறு வேலை செய்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கறுப்பான பிள்ளைகளின் முகத்தில்தான் பவுடரை அதிகமாக அப்பினார்கள், கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாக மேடையில் நின்றோம். 1975-இல் முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்ற ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் வந்தது. அதன் பேரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்ற 2020 வரை ஆனது. நடுவில் வளர்ந்த பெண்கள் எத்தனை பேர் கண்ணாடியில் தங்களைப் பார்த்து வருந்தியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. லிவர்மோர் கடையில் நான் திருப்பிப் பார்த்த பெட்டிகளிலும் அட்டைப் படத்துக் குழந்தைகள் பெரும்பாலும் வெளிர் நிறம். எங்கள் சிறுமியின் கன்னத்தில் தெரியவே தெரியாத வெளிர் ரோஜாப் பொடிகள்தான் உள்ளே. அவள் கன்னத்தில் தெரியாத நிறத்தை வாங்கிக் கொடுப்பது, உன் கன்னத்துக்கு இது செய்யப்படவில்லை என்று அவளிடம் சொல்வதற்குச் சமம்.

நிறத்துக்கு அடுத்து உள்ளிருக்கும் பொருள். 2017 இறுதியில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு தாய், தன் சின்ன மகளின் மினுக்கு மேக்கப் பெட்டியைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். பொடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக முடிவு வந்தது. பெட்டி, சிறுமிகளுக்கென்றே நடக்கும் க்ளேர்ஸ் கடையில் வாங்கியது. நிறுவனம் அந்த முடிவை மறுத்தது. 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, தான் சோதித்தவற்றில் அதே கடையின் மூன்று பொருள்களில் ட்ரெமொலைட் வகை ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததாக எச்சரித்தது. காரணம் பூமிக்குள் இருக்கிறது. முகப் பவுடருக்கு அடிப்படையான டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் ஒரே பாறையில் அக்கம்பக்கமாக உருவாகக்கூடியவை. தோண்டும் இடத்தைச் சோதிக்காவிட்டால் ஒன்றோடு மற்றொன்று வந்துவிடும். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆறு வயதில் சுவாசித்ததற்கு ஐம்பது வயதில் விலை கொடுக்க நேரலாம்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் இன்னொன்று. அந்தப் பொருள்களைத் திரும்பப் பெறும்படி கட்டாயப்படுத்த எஃப்டிஏவுக்கு அப்போது அதிகாரமே கிடையாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். அலங்காரப் பொருள்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1938-இல் எழுதப்பட்டது. 2022 டிசம்பரில்தான் புதுச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. கலிஃபோர்னியா கொஞ்சம் முந்திக்கொண்டது. பாதரசம், ஃபார்மால்டிஹைடு உட்பட 24 பொருள்களை அலங்காரப் பொருள்களில் சேர்க்கக் கூடாது என்று 2020-இல் சட்டம் செய்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம் கடைப் பொருள்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். நியூஜெர்ஸி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் 118 சிந்தூர மாதிரிகளைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 நியூஜெர்ஸியின் தெற்காசியக் கடைகளில் வாங்கியவை. அமெரிக்காவில் வாங்கியவற்றில் 83 சதவீதத்தில் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமாவது ஈயம் இருந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குங்குமம் செய்த வீடுகளிலிருந்து வந்த நாம், பாக்கெட்டில் இருப்பதும் அதேதான் என்று நம்பிக் குழந்தையின் நெற்றியில் வைக்கிறோம். சுர்மா என்று விற்கும் கண்மை சிலவற்றுக்கு ஈயக் கனிமமே மூலப்பொருள். குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் இடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆச்சியின் மை உட்பட.

கடையிலிருந்து அனுப்பிய முதல் லேபிளுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்தது. "கார்மைன் இருக்கும்மா, வேண்டாம்." கார்மைன், பூச்சிகளை உலர்த்தி எடுக்கும் சிவப்பு. அவர்கள் வீடு சைவம். 2011 முதல் லேபிளில் அதைப் பேர் சொல்லியே குறிப்பிட வேண்டும் என்று விதி இருப்பதால்தான் அவளால் பார்க்க முடிந்தது. இரண்டாவது பெட்டியில் டால்க். மூன்றாவதில் மைக்கா. அதற்கு அவள் உடனே பதில் போடவில்லை, போனிலேயே கூப்பிட்டாள்.

மைக்கா என்றால் அப்பிரகம். இமைப் பொடியின் மினுமினுப்பு அதிலிருந்துதான் வருகிறது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் உரிமம் இல்லாத குழிகளில் அதைப் பொறுக்குகிறவர்களில் குழந்தைகளும் உண்டு. குறுகிய குழிக்குள் சிறிய உடம்புதான் நுழையும், சிறிய விரல்தான் மெல்லிய தகட்டைப் பிரித்தெடுக்கும். குழி சரிந்து குழந்தைகள் இறந்ததை 2016-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தியாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு, பொறுப்பான மைக்காவுக்கென்று நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கின. ஆனாலும் என் கையில் இருந்த பெட்டியின் மைக்கா எந்தக் குழியிலிருந்து வந்தது என்று லேபிள் சொல்லவில்லை. ஆறு வயதுக் குழந்தையின் இமையில் மினுங்க, இன்னோர் ஆறு வயதுக் குழந்தை குழிக்குள் இறங்கியிருக்கக்கூடும் என்றால் அந்தப் பெட்டியை என்னால் காசு கொடுத்து வாங்க முடியாது. திருப்பி வைத்தேன்.

வண்ணமே ஒட்டாத பொம்மை மேக்கப்பும் அங்கே இருந்தது. மெலிசா அண்ட் டக் செய்யும் அந்த வகைப் பெட்டி மூன்று வயதுக் குழந்தைக்கு அருமையான பரிசு. எங்கள் சிறுமி கேட்டதோ நிஜம். நிஜம் கேட்கிற வயதுக்குப் பொய்யைக் கொடுத்தால் அவள் ஒரு வருடத்தில் யூடியூபைப் பார்த்துப் பெரியவர்களின் க்ரீமைக் கேட்பாள். பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ரெட்டினால் போன்ற சுருக்கம் போக்கும் க்ரீம்களை விற்கக் கூடாது என்று, எங்கள் பே ஏரியாவைச் சேர்ந்த கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் அலெக்ஸ் லீ 2024-இல் மசோதாவே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. சுருக்கமே இல்லாத முகத்துக்குச் சுருக்கக் க்ரீம் வாங்கக் குழந்தைகள் வரிசையில் நிற்கும் நிலை வந்ததால்தானே அப்படி ஒரு மசோதா எழுந்தது.

கடைசியில் நான் கட்டிய பரிசு இது: கைப்பிடி வைத்த கண்ணாடி, மரச் சீப்பு, கண்ணாடி வளையல், ஊரிலிருந்து வந்த மரச் சிமிழ், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பிக்கி பெயிண்ட் நகப்பூச்சில் அடர் சிவப்பு ஒன்று. கூடவே, நண்பர் வீட்டுத் தொட்டிச் செடியில் பறித்த மருதாணி இலை ஒரு பை. மருதாணியைத் தலைமுடிச் சாயமாக மட்டுமே எஃப்டிஏ ஒப்புக்கொண்டிருக்கிறது, தோலுக்கு இல்லை. அதை அவள் அம்மாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியில் கலக்கும் முடிச்சாயம் பிள்ளைகளின் கையைக் கொப்புளிக்க வைத்திருக்கிறது. இலையைத் தானே அரைத்தால் போதும் என்று அவளும் சம்மதித்தாள்.

பிறந்தநாள் கூட்டம் கலைந்த பிறகு மிக்ஸியில் அரைத்தோம். நான் விழுதைக் கையில் எடுத்ததும் சிறுமி தன் கையை நீட்டவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆச்சி, ஆடாம இருங்க" என்று சொல்லிவிட்டு என் விரல்களுக்கு அவள் தொப்பி வைத்தாள். பிறகு அம்மாவுக்கு, பிறகு கூச்சத்தோடு உட்கார்ந்த அப்பாவுக்கு. தனக்கு வைத்துக்கொண்டது கடைசியில்தான். மேக்கப் செட் கேட்கும் குழந்தைக்கு அழகாக வேண்டும் என்ற ஆசையைவிட, ஒரு பெரிய ஆள் தனக்காக அசையாமல் உட்கார வேண்டும் என்ற ஆசைதான் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைப் பெட்டியால் அதை மட்டும் தர முடியாது.

பரிசில் மினுக்கு ஏன் இல்லை என்று சிறுமி கேட்டாள். மைக்காக் குழிகளைப் பற்றி அவள் அம்மா மறைக்காமல் சொன்னாள். "அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் கிடையாதா?" என்றுதான் முதலில் கேட்டாள், அப்புறம் நிறையக் கேட்டாள்.

இப்போது நவராத்திரிக்கு ஆயத்தம். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில், 1985-இல் தமிழ்நாடு அரசு கொடுத்த தெய்வத் திருமேனிகளுக்கு முன்னால், பே ஏரியாவின் பாதிப் பட்டுப்பாவாடைகள் வந்து நிற்கும் நாள்கள் அவை. எங்கள் தெருக் கொலுவுக்கு வரும் சிறுமிகளுக்கான பையில் கண்ணாடி, சீப்பு, ரிப்பன், மருதாணி இலை, வீட்டில் செய்த குங்குமம் என்று முடிவாகிவிட்டது. பிளாஸ்டிக் மினுக்குப் பொட்டு வேண்டாம். ரிப்பன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறுமிக்கு. அவள் எடுத்தது கருநீலம். சுபகாரியத்துக்கு யாராவது கருநீலம் கொடுப்பார்களா என்று கோவில்பட்டியிலிருந்து வீடியோ காலில் அவளுடைய சொந்த ஆச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் சிறுமியின் அம்மாவுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.