பழவங்காடித் தேங்காயும் சென்னையின் கீப்பர் தேடலும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஓர் அணியின் ஆட்டம் முழுவதும் ஒருவர் கையில் இருக்கிறது. அவருக்கு வயதாகிவிட்டது. அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது?

அமெரிக்காவில் இந்த வினாவை நம்பியே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே கால்பந்து என்ற பெயரில் பெரும்பாலும் கையால் ஆடப்படும் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்றொருவர் உண்டு. பந்து அவர் கைக்கு வந்த பிறகே மற்றவர்களுக்கு வேலை. எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா என்பதை அவர் சில விநாடிகளில் முடிவு செய்தாக வேண்டும். அவரைப் பெற முக்கியமாக இரண்டு வழிகள். ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வரும் அனுபவசாலியைப் பணம் கொடுத்து அழைக்கலாம். அல்லது கல்லூரி முடித்து வரும் இளைஞரை முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நம் கிரிக்கெட்டில் இதே வினா, சென்னை அணியின் விக்கெட் கீப்பர் 'தோனிக்குப் பிறகு யார்?' என்ற வடிவில் நெடுங்காலமாக நிலுவையில் இருக்கிறது. இதை ஆராய்ந்தோர் அனைவரும் சென்னை அணியின் மைதானமான சேப்பாக்கத்தையே களமாகக் கொண்டனர். அது போதாது. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை ஒட்டிய பழவங்காடியே இதற்குத் தக்க களம் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இரண்டாவது நோக்கம் பின்னால் தெரியவரும்.

2. களத் தேர்வுக்கான நியாயம்

ஆள் பரிமாற்றத்தைப் பொறுத்தவரை பழவங்காடிக்கு இணையான மரபு வேறெந்த ஊருக்கும் இல்லை. இங்குள்ள கணபதி முதலில் பத்மநாபபுரத்தில், திருவிதாங்கூரின் நாயர் படையினர் வழிபட்டவர் என்கிறது கோயில் வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படை வந்தது. படையோடு பிள்ளையாரும் வந்தார். இன்றும் கோயில் நிர்வாகம் இந்திய ராணுவத்திடம்தான். தலைநகரம் மாறினால் முக்கிய ஆளும் மாற வேண்டும் என்பதை எந்த ஏல அரங்கும் சொல்லிக்கொடுக்கும் முன்பே இவ்வூர் அறிந்திருந்தது.

அடுத்த பெரிய டிரேடு, அதாவது பரிமாற்றம், 1956 நவம்பர் 1இல் நடந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. மலபார் கேரளத்துக்கு வந்தது. கல்குளம் போனபோது பத்மநாபபுரமும் போயிற்று. ஆனால் அங்குள்ள அரண்மனை மட்டும் இன்றுவரை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. ஆளைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு ஐபிஎல் விதிகளில்கூட இல்லை.

ஆகவே 2025 நவம்பர் 15 அன்று திருவனந்தபுரத்துப் பையனான கீப்பர் சஞ்சு சாம்சன் ராஜஸ்தானிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸுக்குப் போனார் என்ற செய்தியைப் பழவங்காடி புதுமையாகக் கருதவில்லை. பத்மநாபபுரத்திலிருந்து கணபதி வந்தார்; கணக்கை நேர்செய்யச் சஞ்சு போயிருக்கிறார். காலதாமதம் மட்டுமே குறை.

3. முன்னோர் கண்ட முறைகள்

ஆளைத் தேர்வது பற்றித் தமிழில் எழுதப்படாமல் இல்லை. திருக்குறளின் 47 முதல் 52 வரையுள்ள அதிகாரங்களைத் தலைப்புகளாக மட்டும் வாசித்தாலே போதும்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். ஏலத்துக்கு முன் அணி நிர்வாகம் நடத்தும் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் இதுவே. காலத்தை அறிந்த பிறகுதான் இடத்தை அறிய வேண்டும் என்ற வரிசையைக் கவனிக்க. சேப்பாக்கத்தின் ஆடுகளம் எப்படியிருக்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். யாருக்கு எத்தனை வயது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நடைமுறைச் சான்று வேண்டுவோர் உத்திரமேரூருக்குச் செல்லலாம். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரிய உறுப்பினருக்கான தகுதிகளை விளக்கமாகப் பொறித்திருக்கிறது. சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருத்தல் ஆகியவை வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ய வேண்டும்.

இவ்விதிகளைச் சென்னை அணிக்குப் பொருத்திப் பார்த்தோம். டிரேடு நடந்த அன்று சஞ்சுவுக்கு 31 வயது நிரம்பி நான்கு நாள், எனவே தகுதியில்லை. 28 வயது ருதுராஜ் கெய்க்வாட் குடத்தின் அருகிலேயே வர முடியாது. 44 வயது தோனிக்கும் 36 வயது ஜடேஜாவுக்கும் வயது பொருந்துகிறது. ஆனால் மூன்று ஆண்டு விதி இருவரையும் தள்ளிவிடுகிறது. சோழர் ஆட்சியில் சென்னை அணி களமிறங்கியிருக்கவே முடியாது. கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் உறவினர்களையும் இக்கல்வெட்டு விலக்கிவைக்கிறது. இதைப் படிக்கும்போது சென்னையும் ராஜஸ்தானும் தடை பெற்று ஐபிஎல்லில் இல்லாத 2016, 2017 ஆகிய ஆண்டுகள் எவருக்கேனும் நினைவுக்கு வந்தால் கட்டுரையாளர் பொறுப்பல்ல.

4. முறையியலும் கருதுகோளும்

பழவங்காடிக் கணபதிக்கு முதன்மையான வழிபாடு தேங்காய் உடைத்தல். இதே வட்டாரத்தில், நடந்து போகும் தொலைவில், சாலைக் கடைத்தெருவும் இருக்கிறது. அங்கேயும் தேங்காய் விற்கிறார்கள். வாங்குவோரின் நடத்தையை இரு இடங்களிலும் ஒப்பிட்டோம்.

சாலையில் தேங்காய் வாங்குபவர் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டுகிறார். விரல் முட்டியால் தட்டுகிறார். கண்ணைப் பார்க்கிறார். எடை சரியில்லை என்று கீழே வைக்கிறார். கோயில் பக்கத்துக் கடையில் வாங்குபவர் காசைக் கொடுக்கிறார், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார், நடக்கிறார். காரணம் கேட்டபோது கடைக்காரர் எதிர்க்கேள்வி போட்டார்: "வேண்டுதலுக்கு எதுக்கு சார் தட்டிப் பாக்கணும்? உடைக்கத்தானே போறீங்க?"

இதிலிருந்து பழவங்காடி விதி பிறக்கிறது: சமைக்க வாங்குபவன் தட்டிப் பார்ப்பான், வேண்டுதலுக்கு வாங்குபவன் தட்டிப் பார்ப்பதில்லை. அணிகள் தங்களைச் சாலைக் கடைத்தெருவில் நிற்பவர்களாகக் காட்டிக்கொள்கின்றன. உண்மையில் அவை நிற்பது கோயில் வாசலில்தான் என்பது நமது கருதுகோள். முன்னே சொன்ன இரண்டாவது நோக்கம் இதை மெய்ப்பிப்பதே.

5. தரவுகள்

2025 ஐபிஎல்லில் சென்னை அணி வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அமெரிக்க முறையில் கடைசி அணிக்கு அடுத்த ஆண்டு முதல் தேர்வு கிடைக்கும். தோல்விக்கு அங்கே சீர்வரிசை உண்டு. இங்கே கடைசி அணிக்கும் முதல் அணிக்கும் ஒரே சுத்தியல்தான் அடிக்கிறது. எனவே சென்னை தன் பணப்பையை நம்ப வேண்டியதாயிற்று. அதன்முன் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, இருப்பவரை வைத்துக்கொள்வது. பன்னாட்டு ஆட்டம் ஆடி ஐந்து ஆண்டுகள் ஆனவரை அனுபவமற்ற உள்ளூர் வீரராகக் கருதலாம் என்ற விதிப்படி, 2 உலகக் கோப்பைகளை வென்ற தலைவர் தோனி 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். அனுபவமின்மைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

இரண்டாம் வழி, விளைந்தவரை வாங்குவது. சஞ்சு 18 கோடிக்கு வந்தார். ஈடாக ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள்.

மூன்றாம் வழி, நாற்றை வாங்கி வளர்ப்பது. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் 19 வயது கீப்பர் கார்த்திக் சர்மாவைச் சென்னை 14.2 கோடிக்கு எடுத்தது. அவரது அடிப்படை விலை 30 லட்சம். அதாவது 47 மடங்கு. அதே நாளில் 20 வயது பிரசாந்த் வீருக்கும் அதே 14.2 கோடி. கொண்டுபோன 43.4 கோடியில் 28.4 கோடி இவ்விருவருக்கே.

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தது என்றால், மூன்றையும். ஏற்கெனவே அணியிலிருந்த உர்வில் படேலையும் சேர்த்தால் கையுறை அணியத் தெரிந்தவர் நால்வர். ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்தவன் ஒன்றோடு வீட்டுக்குப் போவான். நான்கைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் ஊரார் 'என்ன வேண்டுதல்?' என்றுதான் கேட்பார்கள்.

6. ஒரு சமன்பாடு

டிரேடில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. கரன் 2.4 கோடி. இரண்டும் சேர்ந்து 16.4, மறுபக்கம் 18. மிச்சம் 1.6 கோடி. இந்த 1.6 கோடி எதைக் குறிக்கிறது என்று சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டோம். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடித்த 10 ரன்னை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ரன்னுக்கு இடம் விட்டு எந்தச் சமன்பாடும் எழுதப்படவில்லை. ரசிகர் கணக்கும் நிர்வாகக் கணக்கும் ஒருபோதும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம்.

இங்கே உள்ளூர்ச் சான்று ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2025 ஜூலையில் கேரள கிரிக்கெட் லீக் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம். அதில் 26.8 லட்சத்தைக் கொச்சி அணி சஞ்சு ஒருவருக்கே கொடுத்தது. திருவனந்தபுரத்துக்கென்று ஓர் அணி இருந்தும் திருவனந்தபுரத்துக்காரர் கொச்சிக்குப் போனார். அவ்வாண்டு கோப்பையையும் கொச்சியே வென்றது. ஆனால் இறுதிப் போட்டி நடந்தபோது சஞ்சு ஆசியக் கோப்பைக்காக இந்திய அணியோடு இருந்தார். பாதிக்கு மேல் பணம் கொடுத்து வாங்கியவர் களத்தில் இல்லாமலே கோப்பை வந்தது. வேண்டுதல் பலிக்கும் விதம் இப்படித்தான். உடைத்த தேங்காய்க்கும் நடந்த காரியத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை.

7. அயல்நாட்டுச் சான்றுகள்

அமெரிக்கர்கள் தட்டிப் பார்ப்பதில் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். உயரம், விரித்த கையின் அகலம், நாற்பது கெஜ ஓட்டம் எல்லாவற்றையும் அளந்துதான் குவார்ட்டர்பேக்குகளை எடுக்கிறார்கள். அப்படி அளந்து 1998இல் முதலிடத்தில் பெய்டன் மானிங்கையும் இரண்டாமிடத்தில் ரயன் லீஃபையும் எடுத்தார்கள். முன்னவர் ஆட்டத்தின் மேதைகளுள் ஒருவரானார். பின்னவர் சில ஆண்டுகளில் காணாமல் போனார். 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடியை 198 பேருக்குப் பிறகு 199ஆவது ஆளாக எடுத்தார்கள். அவர் ஏழு முறை சூப்பர் பவுல் கோப்பையை வென்றார்.

கிரீன் பே அணி மட்டும் வேறு வழியில் போனது. பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2005இல் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்து மூன்று ஆண்டுகள் உட்கார வைத்தது. ராட்ஜர்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே 2020இல் ஜோர்டன் லவ்வை எடுத்து அவரையும் மூன்று ஆண்டுகள் உட்கார வைத்தது. பொறுமை அங்கே ஒரு கொள்கை. சென்னையும் தானும் அப்படியே என்று சொல்லக்கூடும். ஆனால் கிரீன் பே ஒவ்வொரு முறையும் ஒருவரைத்தான் உட்கார வைத்தது.

8. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு 1: சஞ்சுவை எடுத்தது தொடக்க ஆட்டக்காரராகத்தான், கார்த்திக்கை எடுத்தது பின்வரிசையில் அடிப்பதற்குத்தான், கையுறை இதில் சிறு பகுதியே. விடை: இந்த மறுப்பு மிகவும் நியாயமானது. ஏற்றுக்கொண்டால் கட்டுரை தொடராது என்பதால் ஏற்கவில்லை.

மறுப்பு 2: தலைமைதானே குவார்ட்டர்பேக்கின் சாரம்; டிரேடு நடந்த அன்றே ருதுராஜ்தான் கேப்டன் என்று சென்னை அறிவித்துவிட்டதே? விடை: அறிவித்தது உண்மை. 2022இல் ஜடேஜாவையும் அறிவித்தார்கள். பாதித் தொடரில் பொறுப்பு தோனியிடமே திரும்பியது. 2025இல் ருதுராஜ் முழங்கையில் காயமடைந்தபோதும் அவரிடமே திரும்பியது.

மறுப்பு 3: கேரளத்துக்காரருக்கு இதில் என்ன அக்கறை? விடை: கொச்சி டஸ்கர்ஸ் 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு மறைந்தது. அதன்பின் கேரள ரசிகரே ஒப்பந்தமில்லாமல் சந்தையில் நிற்பவர். தோனிக்காகச் சென்னையையும் சஞ்சுவுக்காக ராஜஸ்தானையும் ஆதரித்து, இரண்டும் மோதும் நாளில் வீட்டுக்குள் மவுனம் காத்தவர். அவரை எந்த அணியும் ஏலத்தில் கேட்டதில்லை. 2025 நவம்பர் 15இல் நடந்த டிரேடில் முழு லாபம் கண்டவர் அவர் ஒருவரே: இனி ஒரே சட்டை போதும். ஆட்டோ ஓட்டும் சேட்டன் ஒருவர் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னதும் இதுவே.

9. முடிவும் பரிந்துரைகளும்

விலை என்பது ஆளின் திறமையை அளப்பதில்லை. வாங்குபவரின் பயத்தை அளக்கிறது. 2008 பிப்ரவரியில் முதல் ஏலத்தில் தோனி 15 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார். சென்னையிடம் ஐகான் வீரர் இல்லை. எனவே அந்த விலையைக் கொடுக்க முடிந்தது. மும்பை அதைக் கொடுத்திருந்தால் தன் ஐகான் வீரரான சச்சினுக்கு அதைவிட 15 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். ஆக, ஐந்து கோப்பைகளைக் கொண்டுவந்த தேர்வுகூட மற்றவருக்குக் கட்டாதபோது நமக்குக் கிடைத்ததுதான். ஆராய்ச்சி அதற்குப் பிறகு எழுதப்பட்டது.

இவ்வாய்வின் பரிந்துரைகள்: அணிகள் ஏலத்துக்குப் பின் 'நீண்டகாலத் திட்டம்' என்று அறிக்கை விடுவதை நிறுத்தி, 'வேண்டிக்கொண்டோம்' என்று மட்டும் சொல்லலாம். 19, 20 வயதுப் பையன்களை முதல் ஆட்டத்திலேயே 14.2 கோடியால் பெருக்கிப் பார்ப்பதை ரசிகர்கள் கைவிட வேண்டும். அந்த விலையை அவர்கள் கேட்கவில்லை. எப்படியும் களத்தில் கையுறை அணிந்து ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க கிரிக்கெட் விதிகள் ஒருவரைத்தான் அனுமதிக்கின்றன. மற்ற மூவருக்கும் உட்காரச் சென்னை நல்ல நாற்காலிகளாக வாங்கிப் போட வேண்டும்.