கத்திப்பாராவைத் தாண்டினால் சிங்கப்பூர்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திரிசூலம் விமான நிலையம் 25 கிலோமீட்டர் இருக்கும். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நிச்சயமாகச் சொல்கிறவர் யாராவது இருந்தால், அவர் பழவந்தாங்கலில் குடியிருப்பவர்.

எங்கள் பெரியப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து ஊருக்கு ஊர் விமான தூரம் பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருக்கிறார். தூரத்தை 850-ஆல் வகு, ஏற இறங்க அரை மணி சேர்: இதுதான் அவர் சூத்திரம். லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். பத்து மணி சொச்சம் வரும். போகும்போது எதிர்காற்று இன்னும் கொஞ்சம் இழுக்கும், திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

எதிர்வீட்டு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “அஞ்சரைக்கு ஏறினா பதினொண்ணுக்கு லண்டன்னு டிக்கெட்லயே போட்டிருக்கான் சார்!” அந்தப் பதினொன்று லண்டன் கடிகாரத்தினுடையது, குளிர்காலத்தில் அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் என்று பெரியப்பா விளக்கினார். “அப்ப வர்றப்ப அதைப் புடுங்கிக்குவானா? என்ன நியாயம் இது?” என்றார் அக்கா. பெரியப்பா காபி கேட்டார்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நிற்காமல் விமானம் விட்டது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அத்தனை பேரும் பெண்கள். வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி ஏன் ஊரைச் சுற்றுகிறார்கள் என்று அக்கா கேட்டார். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், அதுதான் குறுக்கு வழி. சுவரில் மாட்டிய தட்டை வரைபடம் நம்மை ஏமாற்றுகிறது.

அம்பத்தூர்க்காரனுக்கும் வழிகள் உண்டு. பைபாஸில் போனால் சுங்கச்சாவடி. கோயம்பேடு வழியாகப் போனால் கோயம்பேடு. மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் ஸ்டேஷனில் மாறித் திரிசூலத்தில் இறங்கலாம். ஊறுகாய், பருப்புப்பொடி அடைத்த இரண்டு பெட்டிகளோடு அதைச் செய்தவர் விமானத்தில் தூங்குவதில்லை, மயங்குகிறார். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் விமான நிலைய வாசலிலேயே விடும். அருமையான வழி. ஆனால் திருமங்கலத்துக்கு முன்னால் பாடி இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போகும் உறவினரை வழியனுப்பிவிட்டு நாங்கள் மதுரவாயலில் நின்றுகொண்டிருந்தபோது, “இறங்கிட்டேன், நீங்க வீட்டுக்குப் போயாச்சா?” என்று போன் வந்தது. 350 கிலோமீட்டரையும் கடலையும் அவர் தாண்டிவிட்டார். நாங்கள் ஒரு தண்ணீர் லாரியைத் தாண்டவில்லை.

ஆகவே அம்பத்தூர், ஆவடி மக்களே, வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். அது விமான நிலையத்துக்காரர்கள் கணக்கு. பாடிக்கும் கத்திப்பாராவுக்கும் நீங்கள் தனியாக ஒதுக்க வேண்டும். இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரை 2022-லேயே அறிவித்திருக்கிறார்கள். நமக்கு அது திரிசூலத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். அங்கிருந்து பறக்கும் நாள் வந்தால், முந்தின ராத்திரியே பூந்தமல்லியில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.